சத்தமாகப் பாடுங்கள்

நிச்சய ஜெபத்துக்கு வந்தவர்கள் ஹாலில் பாட்டுப் புத்தகத்தை விரித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் உள்ளறையில் எஸ்றாவின் மகள் ஷெர்லினுக்கு வலிப்பு வந்தது. முதலில் கட்டில் கால் தரையில் இடிபட்டது. அப்புறம் அந்தப் பிள்ளையின் தொண்டையிலிருந்து அடைத்துக்கொண்டு வருகிற அந்தச் சத்தம். வீட்டில் இருப்பவர்களுக்கு அது பழகிப்போனது. வந்திருந்தவர்களில் இரண்டொருவர் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

எஸ்றாவின் அம்மா பாக்கியத்தாய் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"சத்தமா பாடுங்க எல்லாரும். ஆண்டவருக்குச் செய்யுத ஸ்தோத்திரத்த வாய்க்குள்ளயா முனங்குறது?" என்று சிரித்த முகமாகச் சொல்லிவிட்டு, தானே உச்சத்தில் எடுத்தாள். சபைப் பாட்டுக்குழுவில் நாற்பது வருடமாக நிற்கிற குரல் அது. மற்றவர்களும் சேர்ந்துகொள்ள, ஹால் அதிர்ந்தது. தெருவில் போன உப்பு லாரியின் ஹாரன்கூட அமுங்கிப்போயிற்று.

எஸ்றா காப்பித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஹாலுக்கும் உள்ளறைக்கும் நடுவில் நின்றான். கதவு ஒருச்சாய்த்திருந்தது. இடுக்கு வழியாக அவன் மனைவி ஞானதீபம் தெரிந்தாள். பட்டுச்சேலை கசங்கத் தரையில் உட்கார்ந்து, பிள்ளையை ஒருக்களித்துப் போட்டு, வாயோரம் வழிந்ததை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தி அவனைப் பார்த்தாள். வா என்று கூப்பிடவில்லை, பார்த்தாள், அவ்வளவுதான். எஸ்றா காலால் கதவை இழுத்துச் சாத்தினான். சாத்திவிட்டு ஹாலுக்குப் போய், தட்டை நீட்டிக்கொண்டே அவனும் பாடினான்.

நிச்சயம் அவனுடைய தங்கை ஜெப்ஸிக்கு. மாப்பிள்ளை வெளியாள் இல்லை, ஞானதீபத்தின் தம்பி பெனிஸ்டன். துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்குகிற பெட்டிகளை எண்ணி டேலி எழுதுபவன், கலகலப்பானவன். ஞானதீபத்துக்கும் பெனிஸ்டனுக்கும் அப்பாவான ஞானையா, பாக்கியத்தாயின் கூடப்பிறந்த தம்பி. அக்காள் வீட்டில் எடுப்பதும் தம்பி வீட்டில் கொடுப்பதும் அந்தக் குடும்பத்தில் புதிதல்ல. பனங்காடும் வீடும் வெளியே போகாமல் இருக்க, அவர்களுடைய முன்னோர் ஞானஸ்நானம் எடுத்தபோதுகூடக் கைவிடாமல் கொண்டுவந்த பழக்கம் அது. எஸ்றாவும் அத்தை மகனாகத்தான் ஞானதீபத்தைக் கட்டினான். பெண் கொடுத்த வீட்டுக்கே இப்போது பெண்ணும் போகிறது என்று எல்லாருக்கும் வாயெல்லாம் பல்.

எஸ்றாவைக் கெட்டவன் என்று ஊரில் யாரும் சொல்லமாட்டார்கள். சபையை நடத்துகிற சேகரக் கமிட்டியில் இருந்தான். துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் மேலாளர். பெட்டிக்குள் என்ன சரக்கு இருக்கிறது என்று கஸ்டம்ஸுக்கு எழுதிக் கொடுப்பது தொழில். திறந்து பார்ப்பது அவன் வேலையல்ல. எழுதிக் கொடுத்தது தப்பென்று தெரிந்துவிட்டால் கப்பல் துறைக்கு வருமுன்னே போய்ச் சொல்லிவிட வேண்டும், சொன்னவனுக்குச் சின்னத் தண்டம், பிடிபட்டவனுக்குச் சரக்கே போச்சு என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவனே பாடம் எடுப்பான். எடுக்கும்போது நன்றாகத்தான் எடுப்பான்.

ஷெர்லினுக்கு ஆறு வயது. பிறந்தபோது ஒரு குறையும் தெரியவில்லை. கைக்குழந்தையாக இருக்கும்போதே முதல் வலிப்பு வந்தது. அதற்குப் பிறகு கழுத்து நிற்கவில்லை, பேச்சு வரவில்லை, ஆள் தாங்காமல் உட்காரவும் முடியவில்லை. வலிப்பு மட்டும் ஒரு நாளும் தவறவில்லை, சில நாள் மூன்று நான்கு முறை வந்தது. லாரி ஹாரன் கேட்டால் சிரிப்பாள். துறைமுகச் சாலைக்குப் போகிற லாரியெல்லாம் அந்தத் தெரு வழியாகத்தான் போகும் என்பதால் அவளுக்குச் சிரிக்கக் காரணம் குறையவில்லை. அந்தச் சிரிப்பைக் கேட்கவென்றே ஞானதீபம் சன்னலைத் திறந்து வைப்பாள். தெருவில் போகிறவர்கள் பார்க்கிறார்கள் என்று பாக்கியத்தாய் சாத்தி வைப்பாள்.

போன வருடம் கடற்கரை மைதானத்தில் சுகமளிக்கும் கூட்டம் நடந்தது. பிரசங்கியார் பிள்ளையின் தலையில் கை வைத்து ஜெபித்தார். இனி மருந்து கொடுத்தால் விசுவாசம் இல்லாததுபோல் ஆகும் என்று வீட்டில் பேச்சாயிற்று. அம்மா எடுத்துக் கொடுக்க, எஸ்றா மருந்துப் பாட்டில்களைக் குப்பை வண்டியில் போட்டான். ஆச்சரியம், வலிப்பு நின்றது. ஒரு வாரம், ஒரு மாதம், இரண்டு மாதம் ஆகியும் வரவில்லை. ஸ்தோத்திரப் பண்டிகையில் எஸ்றா சபைக்கு முன் நின்று, மைக்கைப் பிடித்து, கண்ணீரோடு சாட்சி சொன்னான். மருத்துவர்கள் கைவிட்ட பிள்ளையை ஆண்டவர் தொட்டார், மருந்தில்லாமல் சுகமாக்கினார் என்று சொன்னான். அல்லேலூயா என்று ஆலயமே முழங்கியது. பலர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஞானதீபம் அவனை அடுக்களைக்குக் கூப்பிட்டாள். அரிசி டின்னுக்குள் கையை விட்டு ஒரு பாட்டிலை எடுத்துக் காட்டினாள். அவள் ஒரு நாளும் மருந்தை நிறுத்தவில்லை. கூட்டத்துக்கு முந்தின வாரம்தான் டாக்டர் புது மருந்து ஒன்று சேர்த்திருந்தார், கொஞ்ச காலம் கேட்கும், அப்புறம் திரும்ப வரலாம் என்று எச்சரித்தும் இருந்தார். கருப்பட்டியில் குழைத்து ஊட்டியிருக்கிறாள்.

"நீங்க சபைல எந்திரிப்பியன்னு எனக்குத் தெரியாது அத்தான். தெரிஞ்சிருந்தா முன்னாலயே சொல்லியிருப்பேன்" என்றாள்.

அப்போதே அவன் குருவானவரிடம் போயிருக்கலாம். கப்பல் இன்னும் துறைக்கு வரவில்லை. எஸ்றா பாட்டிலை வாங்கிப் பார்த்துவிட்டு, அரிசிக்குள் திரும்பவும் புதைத்தான். யார் கண்ணிலும் படாமல் கொடு என்று மட்டும் சொன்னான். டாக்டர் சொன்னபடியே வலிப்பு சீக்கிரம் திரும்பி வந்தது. அதன்பிறகு ஷெர்லினை ஆலயத்துக்கோ கல்யாண வீட்டுக்கோ கூட்டிப் போக வழியில்லாமல் போயிற்று, வீட்டுக்குச் சொந்தக்காரர் வந்தாலும் தூங்குகிறாள் என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்கள். சுகமான பிள்ளைக்கு எப்படி வலிப்பு வரும்? நோய் இருந்தபோதாவது நான்கு பேர் வந்து பார்த்தார்கள். சுகமாகிவிட்டாள் என்று சாட்சி சொன்ன பிறகுதான் அந்தப் பிள்ளைக்குக் கதவு அடைபட்டது.

வலிப்பு திரும்பின பிறகு மதுரை ஆஸ்பத்திரியில் எஸ்றா, ஞானதீபம், பிள்ளை மூன்று பேருக்கும் ரத்தம் எடுத்து பெங்களூருக்கு அனுப்பினார்கள். பதில் வந்ததும் ஒரு பெண் டாக்டர் பொறுமையாக விளக்கினார். ஒவ்வொருவருக்கும் ஒரு ஜீன் இரண்டு பிரதியாக இருக்கும், அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. எஸ்றாவுக்கு ஒரு பிரதி பழுது, ஞானதீபத்துக்கும் அதே ஜீனில் அதே இடத்தில் ஒரு பிரதி பழுது. நல்ல பிரதி ஒன்று இருப்பதால் அவர்களுக்கு ஒன்றும் செய்யவில்லை. பிள்ளைக்கு இரண்டு பழுதும் வந்து சேர்ந்துவிட்டன. எஸ்றாவுக்குத் தன் தொழில் பாஷையில் அது சட்டென்று விளங்கியது. ஒரே குடோனில் ஏற்றின சரக்கு இரண்டு லாரியில் இரண்டு சாலை வழியாகச் சுற்றி வந்து ஒரே வாசலில் இறங்கியிருக்கிறது.

இது யார் செய்த பாவமும் இல்லை என்றார் டாக்டர். பெற்றவர்களுக்கு அதைக் கேட்டுப் பழக்கமில்லாததால் இரண்டு தரம் சொன்னார். கூடப்பிறந்தவர்களுக்கும் இந்தப் பழுது இருக்கலாம், சொந்தத்தில் கல்யாணம் பேசினால் இரண்டு பேரும் முதலில் ரத்தம் பார்த்துவிட வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார். கல்யாணமே கூடாது என்று அவர் சொல்லவில்லை. பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்றார்.

அதற்கடுத்த மாதம் ஜெப்ஸியைப் பார்க்க சாத்தான்குளத்திலிருந்து ஒரு வாத்தியார் குடும்பம் வந்தது. பேச்சு நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது உள்ளறையில் ஷெர்லின் குரல் கொடுத்தாள். வந்தவர்கள் காப்பியை மட்டும் குடித்துவிட்டுப் போனார்கள், பதில் வரவில்லை. வெளியே யாரும் எடுக்கமாட்டார்கள் என்று பயந்த பாக்கியத்தாய் தம்பி வீட்டுக்குப் போய் பெனிஸ்டனைக் கேட்டாள். சொந்தத்தில் கட்டினதால் வந்த பிள்ளையை மறைக்க, இன்னொரு சொந்தக் கல்யாணம்! யாருக்கும் அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

நிச்சயத்துக்கு வந்தவர்கள் போன பிறகு எஸ்றா அம்மாவிடம் மதுரை சமாச்சாரத்தை முதல் முறையாகச் சொன்னான். சுற்றி வளைத்து, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். அம்மா அதிர்ச்சியடைவாள் என்று எதிர்பார்த்தான். அவள் வெற்றிலை பாக்குத் தட்டை ஒழுங்கு செய்துகொண்டே கேட்டாள்.

"எங்க வீட்லயும் ஒருத்தன் கிடந்தாம்ல" என்றாள். "எனக்கும் ஞானையாக்கும் நடுவுல. பனைவிள வீட்டுல, பின்னால உள்ள அறையில. பேச்சு கிடையாது. வெட்டி வெட்டி இழுக்கும். ஆளு வந்தா எங்கம்மா எங்க ரெண்டு பேரையும் பாடச் சொல்லுவா. சத்தமா பாடு, சத்தமா பாடுன்னு தொடையில கிள்ளுவா. எனக்கு அப்ப ஏழு வயசு. என் தொண்ட அங்கன தான் திறந்துச்சு. பாட்டுக்குழுல எனக்கு மிஞ்சி ஆள் இல்லங்காவல்லா?"

அந்தப் பையனுக்குப் பெயர் என்ன என்று எஸ்றா கேட்டான்.  சாமுவேல் என்றாள். சொன்ன பிறகு அவளுக்கே அது புதிதாக இருந்தது, அந்தப் பெயரை வெளியே சொல்லி எத்தனையோ காலம் ஆயிற்று. உடனே முகத்தைத் துடைத்துக்கொண்டாள். செத்தவன் செத்தான், நாங்கள் ரெண்டு பேரும் கல்யாணம் ஆகிப் பிழைக்கவில்லையா என்று கேட்டாள். ரத்தம் கித்தம் என்று வாயைத் திறந்தால் ஜெப்ஸி கன்னியாகவே கிடப்பாள், அவன் சாட்சியும் சந்தி சிரிக்கும் என்று எழுந்து போனாள். இரண்டாவது சொன்னதுதான் எஸ்றாவுக்கு உறைத்தது. அது முதலில் உறைத்ததே என்று அவனுக்குக் கேவலமாகவும் இருந்தது.

கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம், தடை ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள் என்று சபையைப் பார்த்துக் கேட்பார்கள். வழக்கத்துக்குக் கேட்கிற கேள்விதான், இதுவரை ஒருவரும் பதில் சொன்னதில்லை. முதல் ஓலை அன்று எஸ்றா முன்பெஞ்சில் குனிந்த தலையோடு உட்கார்ந்திருந்தான். வெளியே வந்ததும் பழைய கமிட்டிக்காரர் ஒருவர் தோளைத் தட்டி, பிள்ளை எப்படி இருக்கிறாள், நடக்கிறாளா என்று விசாரித்தார். நடக்கிறாள் என்றான் எஸ்றா. எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கிறாய் என்று அடுத்து கேட்டபோது, போன் வந்ததுபோல் காதில் வைத்துக்கொண்டு நகர்ந்தான்.

அந்த வாரம் ஞானதீபம் தன் தம்பியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். பெனிஸ்டன் நம்பவில்லை. அத்தான் சபையில் எழுந்து நின்று சொன்னாரே, அத்தான் பொய் சொல்வாரா என்று திருப்பிக் கேட்டான். சுகமான பிள்ளைக்கு ரத்தத்தில் என்ன இருக்கப் போகிறது, அக்காவுக்கு மனசு தளர்ந்துபோய்விட்டது என்று சமாதானமும் சொன்னான். ஜெப்ஸியிடம் சொல்லலாம் என்றால், நாத்தனார் நன்றாக இருக்கப் பொறுக்கவில்லை என்று பேச்சு வரும்.

"உங்க சாட்சி குறுக்க நிக்கி அத்தான்" என்றாள் எஸ்றாவிடம். "நான் என்ன சொன்னாலும் ஏறாது. நீங்க வாயத் திறந்தாத்தான் உண்டு."

அவன் திறக்கத்தான் பார்த்தான். துறைமுக வாசலுக்கு எதிரே டீக்கடைக்கு பெனிஸ்டனை வரச் சொன்னான். நிலக்கரி லாரிகள் வரிசையாக நின்றன, தார்ப்பாய்க்கு மேல் கரித்தூள் பறந்தது. பெனிஸ்டன் பருத்திக் கொட்டை வியாபாரி ஒருவரின் சரக்கு பற்றிய வேடிக்கையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே வடையைப் பிட்டுத் தின்றான். எஸ்றா பேச்சை எடுத்தான். சாட்சி என்ற வார்த்தை வரைக்கும் வந்தான்.

"அன்னைக்கு நீங்க பேசுனத கேட்டுத்தான் அத்தான் நான் திரும்பக் கோயிலுக்கு வர ஆரம்பிச்சேன்" என்றான் பெனிஸ்டன். "அதுக்கு முன்னால ஞாயித்துக்கிழமன்னா தூக்கந்தான்."

எஸ்றா டீயைப் பாதியில் வைத்தான். மாமாவை விசாரித்ததாகச் சொல் என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான். இரண்டாவது ஓலைக்கு ஆலயத்துக்கே போகவில்லை, கஸ்டம்ஸில் அவசர வேலை என்று ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே கிளம்பிவிட்டான். ஆபீஸ் பூட்டியிருந்தது. பூட்டின கதவுக்கு முன்னால் வண்டியின் மேல் உட்கார்ந்து, ஆராதனை முடிகிற நேரம் வரைக்கும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். தன்னைப்போல் ஒரு கோழையை அவன் அதுவரை சந்தித்ததில்லை.

மூன்றாவது ஞாயிறு அவன் குளித்துவிட்டு வந்தபோது ஞானதீபம் ஷெர்லினுக்கு மஞ்சள் கவுன் மாட்டி, தலை சீவி, ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தாள். எங்கே கிளம்புகிறாய் என்று கேட்டான்.

"கோயிலுக்கு."

பிள்ளையையுமா கொண்டுபோகிறாய், அங்கே வலிப்பு வந்தால் என்ன செய்வாய் என்று அவன் குரலை அடக்கிக் கேட்டான்.

"வரும்" என்றாள் ஞானதீபம். "ஒரு ஆராதன நேரம் உக்காந்தா கட்டாயம் வரும். நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல அத்தான். பிள்ளையக் கூட்டிட்டு வாரேன். அது சொல்லுதத சொல்லட்டும்."

மூக்கில் அடிக்கிற மருந்தை எடுத்து கைப்பையில் வைத்தாள். வலிப்பு நிற்காமல் போனால் அடிக்க வேண்டிய மருந்து. எஸ்றா அதை ஒரு நாளும் கையால் தொட்டதில்லை. வலிப்பு வரும்போதெல்லாம் அவனுக்கு வேறு அறையில் ஏதாவது வேலை இருக்கும். இன்றைக்கும் அவளைத் தடுக்க அவனுக்கு வாய் வரவில்லை, கூட நடக்கவும் கால் வரவில்லை. அவளும் பிள்ளையும் ஆட்டோவில் போனார்கள். அவன் தனியாக வண்டியில் போனான்.

அந்த ஆலயத்தில் இன்னமும் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். ஞானதீபம் ஷெர்லினைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடுவழியாக நடந்து, பெண்கள் பக்கத்து முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். பிள்ளையின் கால்கள் தொங்கின, தலை நிற்காமல் சாய்ந்தது. பின்னாலிருந்து குசுகுசுப்பு பெஞ்சு பெஞ்சாக முன்னேறியது. சுகமாயிட்டுன்னு சொன்னாவளே என்று ஒருத்தி வாய்விட்டே சொன்னாள். எஸ்றாவின் காதுமடல் சுட்டது. பாட்டுக்குழுவில் நின்ற பாக்கியத்தாயின் முகத்தில் ஈயாடவில்லை. ஜெப்ஸி மட்டும் தன் இடத்தைவிட்டு எழுந்து வந்து மதினிக்கு அருகில் உட்கார்ந்து, பிள்ளையின் செருப்பில்லாத காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். நாளைக்குத் தன் பிள்ளைக்கும் இதே கால் வரலாம் என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்த அண்ணன் எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான்.

அறிவிப்புகள் வந்தன. குருவானவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஓலையை வாசித்தார். பெனிஸ்டன் பெயர், ஜெப்ஸி பெயர், பெற்றோர் பெயர். "இந்த இருவரும் கல்யாணம் செய்துகொள்ளத் தடை ஏதும் உண்டென்று உங்களில் யாருக்காவது தெரிந்தால் இப்பொழுதே அறிவியுங்கள். இது மூன்றாம் ஓலை" என்று முடித்தார். முடித்துவிட்டு வழக்கம்போல் கொஞ்சம் நிறுத்தினார்.

முதலில் பெஞ்சு ஆடியது. அப்புறம் அந்தச் சத்தம் வந்தது. உயரமான கூரைக்குக் கீழே அது வீட்டில் கேட்பதைவிடப் பெரிதாகக் கேட்டது. ஷெர்லினின் கை விறைத்து, ரிப்பன் கட்டின தலை பெஞ்சின் விளிம்பில் மோதப் போனது. ஞானதீபம் உள்ளங்கையைக் கொடுத்துத் தாங்கினாள். குருவானவர் கண்ணாடியைக் கழற்றினார். சின்னப் பிள்ளைகள் பெஞ்சில் ஏறி நின்று பார்த்தார்கள்.

பாக்கியத்தாய் யாருக்கும் காத்திருக்கவில்லை. ஆர்கன் தொடங்கும் முன்பே பாட்டை எடுத்தாள். பாட்டுக்குழு திடுக்கிட்டுச் சேர்ந்துகொண்டது. சபை எழுந்து நின்றது, என்ன செய்வதென்று தெரியாதவர்களுக்குப் பாடுவது எவ்வளவோ நிம்மதி. எல்லாரும் பாடினார்கள், முழுக் குரலில் பாடினார்கள். பிள்ளையின் சத்தம் அதற்குள் அமுங்கிப்போயிற்று.

எஸ்றாவும் பாடினான். ஒரு அடி முழுதாகப் பாடிவிட்டுத்தான் தான் பாடிக்கொண்டிருப்பது அவனுக்கே தெரிந்தது. வெட்கத்தில் வாயை மூடினான். எதிரே ஞானதீபத்துக்கு இரண்டு கையும் போதவில்லை. ஒரு கையால் தலையைத் தாங்கி, மறு கையால் பிள்ளையைச் சரித்துப் பிடித்திருந்தாள். கைப்பை பெஞ்சின் கோடியில் எட்டாமல் கிடந்தது. அவள் அவனைப் பார்க்கவில்லை, பார்ப்பதை விட்டுவிட்டாள். இழுத்துச் சாத்த இங்கே கதவும் இல்லை.

அவன் நடுவழியைக் கடந்து பெண்கள் பக்கம் போனான். பையைத் திறந்து மருந்தை எடுத்தான், எப்படிப் பிடிப்பதென்று தெரியவில்லை.

"மூடியக் கழத்துங்க" என்றாள் ஞானதீபம். "ஒரு மூக்குல ஒண்ணு. அடுத்ததுல ஒண்ணு. கை நடுங்காம."

மூடியைக் கழற்றினான். ஒன்றொன்றாக அடித்தான். மருந்தில்லாமல் சுகமானது என்று அதே ஆலயத்தில் நின்று சொன்னவன், சபை பார்க்க, மருந்தை அடித்துவிட்டுப் பிள்ளையைத் தன் மடியில் வாங்கினான். முதல் பெஞ்சில் பாட்டு நின்றது. பிறகு இரண்டாவது பெஞ்சு, மூன்றாவது. ஆர்கன்காரர் விரலை எடுத்தார். பாட்டுக்குழுவும் ஓய்ந்தது. பாக்கியத்தாய் மட்டும் நிறுத்தவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு தனியாகப் பாடினாள், தொடையில் இன்னும் யாரோ கிள்ளுகிற மாதிரி.

"ஐயா" என்றான் எஸ்றா. அம்மாவின் குரலுக்கு மேல் அவன் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. "ஸ்தோத்திரப் பண்டியல்ல நான் சொன்ன சாட்சி பொய். சொல்லும்போது எனக்குத் தெரியாது. ஆனா அன்னைக்கே தெரிஞ்சிட்டு, தெரிஞ்சும் மறைச்சேன். மருந்து ஒரு நாளும் நிக்கல. பிள்ளைக்குச் சுகமும் ஆகல."

பிறகு பேசிக்கொள்ளலாம் எஸ்றா, உட்காருங்கள் என்றார் குருவானவர். நல்லவிதமாகத்தான் சொன்னார்.

"தடை உண்டான்னு கேட்டிய. உண்டா இல்லயான்னு ரத்தம் பாத்தாத்தான் தெரியும் ஐயா. எனக்கும் இவளுக்கும் ரத்தத்துல இருந்ததுதான் பிள்ளைக்கு வந்திருக்கு. எந்தங்கச்சிக்கும் பெனிக்கும் அது இருக்கலாம். டாக்டர் சொல்லச் சொன்னாவ. நான் வெக்கப்பட்டுக்கிட்டு சொல்லாம கிடந்தேன்."

முன்வரிசையில் ஞானையா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். பக்கத்திலிருந்தவர்கள் அவரை விட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள், அது காற்றில் பரவுகிற நோய் என்பதுபோல. பின்னாலிருந்து ஒருவர், இதையெல்லாம் கோயிலிலா பேசுவது என்றார். பொய் சொன்ன அன்றைக்கு அதே இடம் அவருக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது.

பெனிஸ்டன் எழுந்து நின்றான். சிரிப்பு போய்விட்ட முகத்தில் அவன் சின்னப் பையனாகத் தெரிந்தான். அத்தானைப் பார்த்தான். திட்டப் போகிறான் என்றுதான் எஸ்றா நினைத்தான், திட்டினால் கேட்டுக்கொள்ளவும் தயாராக இருந்தான்.

"எங்கன போயி பாக்கணும் அத்தான்?" என்று கேட்டான்.

மதுரையில் என்றான் எஸ்றா.  ஜெப்ஸி ஷெர்லினின் காலை மெல்லத் தன் மடியிலிருந்து இறக்கி அண்ணன் மடியில் சேர்த்துவிட்டு எழுந்தாள். பாட்டுக்குழுவுக்குப் போய், கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்த அம்மாவின் கையிலிருந்த புத்தகத்தை வாங்கி மூடினாள்.

"போதும்மா" என்றாள்.

பாக்கியத்தாய் கண்ணைத் திறந்தாள். தன்னைத் தவிர ஒருவரும் பாடவில்லை என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. அப்படியே உட்கார்ந்தாள். பாட்டில் இன்னும் இரண்டு சரணம் மிச்சம் இருந்தது. அதை யாரும் எடுக்கவில்லை. எஸ்றாவின் மடியில் ஷெர்லின் மருந்து மயக்கத்தில் மூச்சு விடுகிற சத்தம் கடைசிப் பெஞ்சு வரைக்கும் கேட்டது.